கேட்ட பிட்ச் கிடைத்ததா? கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிர்வாகிகளுக்கும் டெஸ்ட் அணியை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். திருவல்லிக்கேணியிலிருந்து எழுதுகிறேன். சேப்பாக்கத்தில் விக்கெட் விழுந்தால் டிவி காட்டுவதற்கு முன்பே ஆரவாரம் காதில் விழுந்துவிடுகிற தெரு எங்களுடையது.

2025 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 124 ரன் எடுத்தால் வெற்றி. நம் அணி 93 ரன்னில் சுருண்டது. நான்கு இன்னிங்ஸில் ஒன்றில்கூட யாரும் 200-ஐத் தொடவில்லை. மூன்றாம் நாளிலேயே கடையைக் கட்டிவிட்டார்கள். கேப்டன் கழுத்துப் பிடிப்பால் இரண்டாம் இன்னிங்ஸில் ஆட முடியவில்லை என்பதும் உண்மைதான். தோல்வியெல்லாம் பழகிப்போன விஷயம். அதற்குப் பிறகு வந்த பேச்சுதான் தூக்கத்தைக் கெடுத்தது. நாங்கள் கேட்ட பிட்ச் இதுதான், கியூரேட்டர் (பிட்சைத் தயார் செய்கிறவர்) நன்றாக ஒத்துழைத்தார் என்று பயிற்சியாளர் கௌதம் கம்பீர் நிருபர்களிடம் சொன்னார். பெங்கால் கிரிக்கெட் சங்கத் தலைவர் சவுரவ் கங்குலியும் எதையும் பூசி மெழுகவில்லை. அணி கேட்டது, நான்கு நாள் தண்ணீர் விடாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று போட்டு உடைத்தார்.

அவர்களுடைய வெளிப்படைத்தன்மைக்கு நன்றி. பத்து வருடமாக எல்லோரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்ததை இருவரும் மைக் முன்னால் சொல்லிவிட்டார்கள். இனி இது வதந்தி கணக்கில் வராது. பிட்சுக்கு ஆர்டர் கொடுக்கப்படுகிறது. அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பந்து திரும்புவதில் எனக்குப் புகார் ஏதும் இல்லை. வெங்கட்ராகவன், வி.வி. குமார், லட்சுமண் சிவராமகிருஷ்ணன், அஷ்வின், இப்போது வாஷிங்டன் சுந்தர் என்று ஸ்பின்னை வைத்தே பேர் வாங்கிய ஊர்க்காரனுக்கு அப்படி ஒரு புகார் வந்தால் ஊரே சிரிக்கும். பெர்த்தில் பந்து எகிறும், லீட்ஸில் மேகம் கூடினால் ஸ்விங் ஆகும், இலங்கையின் காலி ஊரில் திரும்பும். அந்தந்த ஊரின் மண்ணும் வெயிலும் காற்றும் ஆடுவதைப் பார்க்கத்தான் வெளிநாட்டுத் தொடர்களையே விழித்திருந்து பார்க்கிறோம். சொந்த மண்ணின் அனுகூலம் என்பது அந்த அளவில் நியாயம். எதிரணியில் எத்தனை இடக்கைக்காரர்கள், நம்மிடம் எத்தனை ஸ்பின்னர்கள் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப மண்ணைக் காய வைப்பதும் சுரண்டுவதும் வேறு கணக்கு. அங்கே மண் ஆடவில்லை, மண்ணைப் பிடித்து யாரோ ஆட்டுகிறார்கள்.

பிட்ச் போடுவது என்ன வேலை என்று அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கரிசல் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோலர் ஓட ஓட இறுகும். பந்து மெதுவாக, தாழ்வாக வரும். செம்மண் சீக்கிரம் காயும், பவுன்ஸ் நன்றாகக் கொடுக்கும், காய்ந்து முற்றினால் மேல்தோல் பிளந்து உதிரத் தொடங்கும். இரண்டையும் பிடித்து நிறுத்துவது புல்லின் வேர். எவ்வளவு புல் விடுவது, எந்த நேரத்தில் தண்ணீர், தண்ணீருக்குப் பிறகு எத்தனை மணி கழித்து ரோலர், எந்த எடை ரோலர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. சென்னையில் இதெல்லாம் இன்னும் சிக்கல். மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிடும். காலையில் கட்டை விரலை அழுத்தினால் அசையாத பிட்ச் மறுநாள் பனியில் ஈரம் கோத்துக்கொண்டு நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் கவரை எடுக்கவே விடாது. வாரக்கணக்கில் மண்ணோடு மல்லுக்கட்டுகிற ஒருவரிடம், கடைசி வாரத்தில் வந்து தண்ணீரை நிறுத்து, புல்லை மழி என்று சொல்வது அவருடைய கையைக் கட்டிப்போட்டு வேலை வாங்குவது. ஆட்டம் இரண்டரை நாளில் முடிந்தால் ஊர் திட்டுவது யாரை? அவரைத்தான். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி அபராதப் புள்ளி போடுவது எதன் மேல்? அந்த மைதானத்தின் மேல். ஆர்டர் கொடுத்த அணி அடுத்த ஊருக்கு விமானம் ஏறிவிடும்.

சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களில் மேட் விக்கெட்டில் (பாய் விரித்த பிட்சில்) ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மேட்டை நன்றாக இழுத்து ஆணி அடித்தால் பந்து சறுக்கிக்கொண்டு வரும். கொஞ்சம் தொய்வாக விட்டால் கடித்துத் திரும்பும். இது தெரிந்ததால்தான் மேட் விரிக்கும்போது எதிர் டீமிலிருந்து ஒருவன் பக்கத்திலேயே நிற்பான். நான்கு மூலையிலும் காலால் தேய்த்துப் பார்ப்பான். "அண்ணா, இந்தப் பக்கம் இன்னும் ஒரு ஆணி" என்பான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவன் நிற்பதுதான் முறை. ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டு ஆடுகிற ஞாயிற்றுக்கிழமை மேட்சில் இருக்கிற இந்த ஏற்பாடு டெஸ்ட் கிரிக்கெட்டில் இல்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு பிட்ச் நடுவர்களின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடுகிறது. இன்னிங்ஸுக்கு முன்பு ரோலர் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்பது வரை விதி இருக்கிறது. தொடங்குவதற்கு முந்தின வாரம்? அங்கே சொந்த ஊர் அணி சொல்வதுதான் வேதம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆர்டர் கொடுத்து வாங்கிய பிட்சுகள் நம்மையே அதிகம் கடித்திருக்கின்றன. 2012-இல் சுழலும் பிட்ச்தான் வேண்டும் என்று அடம் பிடித்தோம். வான்கடேயில் பனேசரும் ஸ்வானும் சேர்ந்து 19 விக்கெட் எடுத்தார்கள், இங்கிலாந்து தொடரையே தூக்கிக்கொண்டு போனது. 2017-இல் புனே: 105-க்கும் 107-க்கும் நாம் ஆல் அவுட். 70 ரன் கொடுத்து 12 விக்கெட் எடுத்த ஆஸ்திரேலிய ஸ்பின்னர் ஸ்டீவ் ஓகீஃப் அதற்கு முன்பும் பின்பும் யாருடைய கனவிலும் வந்ததில்லை. 2023-இல் இந்தூர்: ஆஸ்திரேலியாவின் குனேமன் 16 ரன்னுக்கு 5 விக்கெட், நாம் 109. 2024-இல் மறுபடியும் புனே: அதுவரை டெஸ்டில் ஓர் இன்னிங்ஸில்கூட ஐந்து விக்கெட் எடுத்திராத மிட்செல் சான்ட்னர் ஒரே மேட்சில் 13 விக்கெட். அடுத்து மும்பையில் 147 எடுக்க முடியாமல் 121-இல் விழுந்து, நியூசிலாந்திடம் சொந்த மண்ணில் 0-3. அதற்குப் பிறகும் ஈடனில் அதே ஆர்டர். இந்த முறை தென்னாப்பிரிக்க ஸ்பின்னர் சைமன் ஹார்மர்.

காரணம் புரியாத புதிர் ஒன்றுமில்லை. ஒரு பந்து ஒரு முழம் திரும்பி, அதே இடத்தில் விழுந்த அடுத்த பந்து நேராகப் போகிற பிட்சில் பந்துவீச்சாளர் எதையும் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பந்து திரும்பும் என்று அவருக்கே தெரியாது, பேட்ஸ்மேனுக்கு எப்படித் தெரியும்? ஓகீஃபுக்குப் பலர் அவுட் ஆனது திரும்பாத பந்தில்தான். அஷ்வின் 537 டெஸ்ட் விக்கெட் எடுத்தது காற்றிலேயே பந்தை இழுத்து, வேகத்தை மாற்றி, கிரீஸின் ஓரத்துக்குப் போய் கோணத்தை மாற்றி, ஓர் ஓவர் முழுக்கக் கண்ணி வைத்து. அந்த வித்தை எதுவும் தேவைப்படாத பிட்சைப் போட்டுக் கொடுத்தால், அவருக்கும் சராசரி ஸ்பின்னருக்கும் உள்ள தூரம் சுருங்கிவிடும். திறமை கூடுதலாக இருக்கிற அணிதான் அதில் நஷ்டப்படும். நம்மிடம் இருப்பது உலகின் சிறந்த பந்துவீச்சு என்று நீங்கள் நம்பினால், நல்ல பிட்சைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்?

பேட்ஸ்மேன்கள் நிலை இன்னும் பரிதாபம். சொந்த மண்ணில் மலையாகக் குவித்துக்கொண்டிருந்தவர்களின் உள்நாட்டுச் சராசரி சில ஆண்டுகளில் எப்படிச் சரிந்தது என்பது உங்களிடம் இருக்கும் கணக்கில் எங்களைவிடத் தெளிவாகத் தெரியும். தடுத்து ஆடுவதில் நம்பிக்கை போய்விட்டால் எப்படியும் ஒரு பந்து நம் பெயர் எழுதி வரும், அதற்குள் அடித்துவிடுவோம் என்ற மனநிலை வந்துவிடுகிறது. பிறகு "டொக்கு வைக்கக்கூடத் தெரியாத பசங்க" என்று டீக்கடையில் நாங்களும் திட்டுகிறோம்.

எங்கள் சேப்பாக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கேட்பது எப்படிப்பட்ட பிட்ச் என்பதற்குச் சான்று இங்கேயே இருக்கிறது. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 574 அடித்தது. டீன் ஜோன்ஸ் அந்தப் புழுக்கத்தில் வாந்தி எடுத்து வாந்தி எடுத்து 210 ரன் சேர்த்து ஆஸ்பத்திரிக்குப் போனார். 574 அடித்த பிட்ச் என்றால் பந்துவீச்சாளருக்கு ஒன்றும் இல்லாத தார் ரோடு என்று இன்றைக்கு எழுதிவிடுவோம். அதே பிட்சில் ஐந்தாம் நாள் கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் மனீந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆகி, ரன் சமமாக நின்று ஆட்டம் டை ஆனது. ஸ்வெட்டரைக் கழற்றாமல் வீசிய கிரெக் மேத்யூஸுக்குப் பத்து விக்கெட். சென்னை வெயிலில் ஸ்வெட்டர்! அந்த மனிதரை இன்னும் எனக்குப் புரியவில்லை. ஒரே பிட்ச் முதல் மூன்று நாள் பேட்ஸ்மேனுக்கும், பிறகு ஸ்பின்னருக்கும், கடைசி மணி நேரத்தில் இருவருக்கும் சமமாகவும் இருந்தது. நாட்கள் போகப் போக ஒரு பிட்ச் மூப்படைய வேண்டும். முதல் நாள் காலையிலேயே கிழடு தட்டிப்போய் வந்து நிற்கக் கூடாது.

1999 ஜனவரி பாகிஸ்தான் டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்ரிடி 141, சச்சின் 136. கும்ப்ளேவுக்கு ஓர் இன்னிங்ஸில் ஆறு, சக்லைன் முஷ்டாக்குக்கு மேட்சில் பத்து. எல்லாம் ஸ்பின்தானே என்றால், வேகப்பந்து வீச்சாளர் வெங்கடேஷ் பிரசாத் 33 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்ததும் அதே பிட்சில்தான். 271 எடுக்கப் போய் 17 ரன் தேவைப்படும்போது சச்சின் அவுட், 12 ரன்னில் தோல்வி. அரங்கம் சில நிமிடம் உறைந்து போய், பிறகு எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. சென்னை ரசிகர்களின் பெருந்தன்மை என்று இதை ஆயிரம் முறை எழுதிவிட்டார்கள். எனக்குத் தோன்றும் காரணம் இன்னும் எளிமையானது. தோற்றது நியாயமாக என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாருக்கும் பிட்ச் மேல் சந்தேகம் இல்லை.

எங்கள் ஊர் எப்போதும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 1988 ஜனவரியில் விவ் ரிச்சர்ட்ஸின் வெஸ்ட் இண்டீஸ் இங்கே வந்தபோது தயாராகாத ஒரு பிட்சைப் போட்டு வைத்திருந்தார்கள். முதல் டெஸ்ட் ஆடிய நரேந்திர ஹிர்வானி 136 ரன்னுக்கு 16 விக்கெட். கிரண் மோரே ஆறு ஸ்டம்பிங். 255 ரன் வித்தியாசத்தில் வெற்றி, தொடர் 1-1. அன்றைக்குக் கொண்டாடினோம். ஆனால் ஹிர்வானிக்கு அது நல்லதாக அமைந்ததா? 16 விக்கெட்டோடு தொடங்கியவரை அதன் பிறகு ஒவ்வொரு சாதாரணப் பிட்சிலும் அந்த 16-ஐ வைத்தே அளந்தார்கள்.

பிறகு 2021 பிப்ரவரி. ஒரே மைதானம், எட்டு நாள் இடைவெளியில் தொடங்கிய இரண்டு டெஸ்ட். முதல் டெஸ்டில் இங்கிலாந்து டாஸ் வென்று 578 அடித்தது, ஜோ ரூட் 218, நாம் 227 ரன்னில் தோற்றோம். இரண்டாவது டெஸ்டுக்கு வேறு பிட்ச். முதல் நாள் காலையிலேயே பந்து விழுந்த இடத்தில் புழுதி கிளம்பியது. மொயின் அலியின் பந்து வெளியே விழுந்து, கவர் டிரைவுக்குப் போன கோலியின் மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து பெயில்ஸைத் தட்டியது. கோலி அவுட் என்று நம்பாமல் நின்றார், நாங்களும் நம்பவில்லை. இந்த முறை டாஸ் நமக்கு, வெற்றியும் நமக்கு, 317 ரன்னில். அதே பிட்சில் ரோஹித் 161 எடுத்தார், மூன்றாம் நாள் நம்மூர் அஷ்வின் சதம் அடித்தார், மறுமுனையில் சிராஜ் தன் சதம் போலக் குதித்தார். ஆகவே அது ஆடவே முடியாத பிட்ச் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு டெஸ்டிலும் டாஸ் வென்றவர் பேட் செய்தார், வென்றார். முதல் தோல்வி வந்ததும் பிட்சின் குணம் தலைகீழாக மாறியது. அந்த ஒரு வாரத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2024 செப்டம்பர் வங்கதேச டெஸ்ட்டைப் பாருங்கள், அடுத்த ஆர்டருக்கு அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் பிட்ச். டாஸ் வென்ற வங்கதேசம் பந்து வீசியது. ஹசன் மஹ்மூத் வேகத்தில் ஐந்து விக்கெட், நாம் 144-க்கு 6. பிறகு அஷ்வினும் ஜடேஜாவும் 199 ரன் சேர்த்தார்கள். பும்ராவுக்கு நான்கு விக்கெட், பந்த்துக்கும் கில்லுக்கும் சதம், கடைசியில் அஷ்வினுக்கு ஆறு. வேகம், மட்டை, சுழல் மூன்றுக்கும் வேளை வந்தது. நாம் டாஸைத் தோற்றும் 280 ரன்னில் வென்றோம். யாரும் பிட்ச் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி உங்கள் பக்கத்திலிருந்து வரப்போகிற பதில் எனக்குத் தெரியும். வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கேள்வி நியாயம்தான். 2024 ஜனவரியில் கேப் டவுன் டெஸ்ட் 642 பந்துகளில் முடிந்தது. முடிவு கண்ட டெஸ்டுகளிலேயே குறுகியது அதுதான். தென்னாப்பிரிக்கா 55-க்கு ஆல் அவுட், நாம் 153-இல் ஒரு ரன்கூடச் சேர்க்காமல் ஆறு விக்கெட் இழந்தோம். இந்தியாவுக்கு வரும்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் இப்படிப்பட்ட பிட்சில் ஆட எனக்கு ஆட்சேபம் இல்லை என்று ரோஹித் சொன்னபோது நானும் விசில் அடித்தேன். 2025-இல் ஆஸ்திரேலியா-இங்கிலாந்து ஆஷஸ் தொடரில் பெர்த் டெஸ்ட் இரண்டு நாளில் முடிந்தது, ஐசிசி அதற்கு 'மிக நன்று' என்று மார்க் போட்டது. பந்து எகிறி இரண்டு நாளில் முடிந்தால் வீரம், திரும்பி மூன்று நாளில் முடிந்தால் மோசடி என்கிற பழைய பார்வை இன்னும் சாகவில்லை. அதே தொடரில் மெல்போர்னும் இரண்டு நாளில் முடிந்து, அதற்குத் திருப்தியில்லை என்று அபராதப் புள்ளி போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செத்த பிட்சும் குற்றம்தான். 2017 மெல்போர்னில் குக் 244 அடித்து ஆட்டம் தூங்கியபோது அதுவும் 'மோசம்' என்றே மதிப்பிடப்பட்டது.

ஆர்டர் வியாதி நமக்கு மட்டும் இருப்பதும் இல்லை. 2024 அக்டோபரில் முல்தானில் இங்கிலாந்து 823 அடித்து வென்றதும், பாகிஸ்தான் அதே பிட்சில் பெரிய பெரிய மின்விசிறிகளை வைத்துக் காய வைத்து அடுத்த டெஸ்ட்டை ஆடியது. சாஜித் கானும் நோமன் அலியும் இருபது விக்கெட்டையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ராவல்பிண்டியிலும் அதே வைத்தியம், தொடர் கையில். ஜெயித்தார்களே என்கிறீர்களா? ஜெயித்தார்கள். ஒரு தொடருக்குப் பலித்த வைத்தியம் நமக்கு எத்தனை தொடரில் திருப்பி அடித்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பின் புள்ளிக் கணக்கும் இதைத் தூண்டுகிறது. வென்றால் 12, டிரா செய்தால் 4. சொந்த மண்ணில் டிரா என்பது பாதி தோல்வி. அதனால் எப்படியாவது முடிவு வரட்டும் என்று எல்லா நாடும் மண்ணில் கை வைக்கிறது. ஐசிசியின் தண்டனையோ பல்லில்லாதது. இந்தூருக்கு 2023-இல் போட்ட மூன்று புள்ளியை நீங்கள் மேல்முறையீடு செய்து ஒன்றாகக் குறைத்தீர்கள். மைதானத்தைத் தடை செய்வதற்கான வரம்பையும் ஐந்திலிருந்து ஆறு புள்ளியாக உயர்த்திவிட்டார்கள். உங்கள் முன்னாள் செயலாளர்தான் இன்று ஐசிசியின் தலைவர். மற்ற நாடுகள் செய்யட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்ல உங்களைவிடத் தகுதி குறைந்தவர்கள் யாரும் இல்லை.

செய்ய வேண்டியது என்ன என்றும் உங்களுக்குத் தெரியாததில்லை. ரஞ்சிப் போட்டிகளுக்கு நடுநிலைக் கியூரேட்டரை அனுப்புகிறீர்கள். மாநில அணி பிட்சில் கை வைக்கும் என்ற பயத்தில்தானே? தமிழ்நாட்டு அணி கோயம்புத்தூரில் செய்யக் கூடாது என்று நீங்கள் நினைப்பதை இந்திய அணி கொல்கத்தாவில் செய்யலாமா? 2024-இல் சி.கே. நாயுடு கோப்பைக்கு டாஸை எடுத்துவிட்டு, வந்த அணியே பேட்டா பந்தா என்று முடிவு செய்யட்டும் என்று நீங்களே அறிவித்தீர்கள். இங்கிலாந்து கவுண்டியில் 2016-இலிருந்து சில ஆண்டுகள் இதன் இன்னொரு வடிவம் இருந்தது. வந்தவர் விரும்பினால் டாஸே போடாமல் முதலில் பந்து வீசலாம். எனக்கு டாஸ் போடுகிற அந்த நிமிடம் பிடிக்கும், அதை இழக்க மனசு வராது. ஆனாலும் முதல் நாளே உடையும் பிட்சைப் போட்டுவிட்டு, முதல் பேட்டிங்கை எதிரிக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றால் எந்தக் கேப்டன் அப்படி ஒரு பிட்சைக் கேட்பார்?

எதுவும் முடியாது என்றால் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். எந்தப் பிட்ச், எந்த மண் என்பதைத் தொடருக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். டெஸ்ட்டுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எப்போது தண்ணீர் விட்டார்கள், எப்போது ரோலர் ஓடியது, எத்தனை மில்லிமீட்டர் புல் என்று கியூரேட்டர் எழுதும் பதிவேட்டின் நகலை நடுவருக்கும் எதிரணிக்கும் கொடுங்கள். அணி நிர்வாகத்தின் கோரிக்கை அந்தப் பதிவேட்டில் எழுத்தில் இருந்தால் தவிர அதைக் கேட்டு நடக்க வேண்டாம் என்று கியூரேட்டருக்குச் சொல்லுங்கள். 2023-இல் நாக்பூரில் இடக்கைக்காரர்கள் ஆடும் பகுதியை மட்டும் காய விட்டார்கள் என்று ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் கத்தின. நாம் அதே பிட்சில் 400 அடித்தோம், இன்னிங்ஸ் வெற்றி. நல்ல பதிவேடு ஒன்று இருந்திருந்தால் அந்தக் கூச்சலை ஒரே பக்கத்தில் அடக்கியிருக்கலாம்.

மறுபேச்சு பேசுகிற கியூரேட்டரைக் காப்பாற்றவும் ஆள் வேண்டும். 2004-இல் நாக்பூரில் அணியின் விருப்பத்துக்கு வளையாமல் புல்லோடு பிட்ச் போட்டார்கள், ஆஸ்திரேலியா 342 ரன்னில் வென்று தொடரை எடுத்துச் சென்றது. அன்று ஊரே அவர்களைத் துரோகி என்றது. அவர்கள் செய்தது எனக்கு இன்றும் தவறாகப் படவில்லை.

2021 நவம்பரில் கான்பூரில் நியூசிலாந்தின் கடைசி ஜோடி ரச்சின் ரவீந்திராவும் அஜாஸ் படேலும் ஐந்தாம் நாள் வெளிச்சம் மங்கும் வரை தாக்குப்பிடித்து டிரா செய்தார்கள். ஒரு விக்கெட் கிடைக்காமல் வெற்றி போனது. அப்போதைய பயிற்சியாளர் ராகுல் டிராவிட் அந்த மைதான ஊழியர்களுக்கு 35,000 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு வந்தார், நல்ல பிட்ச் போட்டதற்காக. 2024-இல் ஐபிஎல்லின் வழக்கமான மைதானங்களின் கியூரேட்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் வாரியம் மைதானத்துக்கு 25 லட்சம் என்று அறிவித்தது. சந்தோஷம். ஐந்தாம் நாள் தேநீர் இடைவேளை வரை போன ஒரு டெஸ்டுக்கு அப்படிப் பரிசு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

சென்னைக்கு டெஸ்ட் வருவது அரிதாகிவிட்டது. 2016-க்குப் பிறகு 2021, பிறகு 2024. அடுத்தது வரும்போது வாலாஜா சாலையில் வெயிலில் நின்று டிக்கெட் வாங்க நாங்கள் தயார். நான்காம் நாள், ஐந்தாம் நாள் டிக்கெட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுவோம்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் தத்துவம் வேண்டாம். ஈடனில் தண்ணீரை நிறுத்தச் சொன்னது யார், எந்தத் தேதியில் சொன்னார், கியூரேட்டர் ஆட்சேபம் ஏதும் சொன்னாரா, இந்த மூன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேப்பாக்கத்து கேலரியில் உட்காரும் ஒருவன்,
திருவல்லிக்கேணி, சென்னை.